குளவிக்கு நேரம் பார்த்தவர்கள்

இரண்டு மாதங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஜெர்சித் தீவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். என் தங்கை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், ஒரு குளவியின் முதுகில் பொட்டு வைத்து அனுப்பிவிட்டு, அது திரும்பி வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி அது. வேடிக்கையாகத்தான் எழுதினேன். என் நாவல்கள் எதற்கும் வராத கடிதங்கள் அந்த அரைப் பக்கத்துக்கு வந்து குவிந்து விட்டன. எழுத்தாளனுக்கு இதைவிட அடக்கம் கற்பிக்கக் கூடிய விஷயம் வேறில்லை.

கடிதங்களில் பெரும்பாலானவை சிரித்தன. "அந்த ஊரில் ஜனங்களுக்கு வேலை வெட்டி கிடையாதா?" என்று ஒரே கேள்வியை இருபது விதமாகக் கேட்டிருந்தார்கள். மற்றவற்றில் மூன்று கடிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றும் கோபமான கடிதங்கள். கோபத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. பதில் சொல்வதுதான் அந்த மரியாதை.

மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் எழுதுகிறார்: "ஊர் ஊராகப் போய்க் குடியேறியவன் வெள்ளைக்காரன். இப்போது ஒரு பூச்சி அவன் நாட்டில் குடியேறியதும் ஐயோ அன்னியன் வந்துவிட்டான் என்று அலறுகிறான். அதற்கு ஆசியக் கதண்டு என்று நம் பெயரை வேறு வைத்திருக்கிறான். நீர் அதற்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறீர்." கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி: "கூட்டோடு ஆயிரக்கணக்கான ஜீவன்களைக் கொல்வதை ரசித்து எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" மூன்றாமவர் இளைஞர், காரியவாதி: "ஒரு குளவியின் பின்னால் நாள் முழுக்க அலைவதைவிட, வீட்டுக்கு வீடு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் ஒழிந்து போகாதா?"

இவர்களுக்குப் பதில் சொல்லுமுன் அன்று நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு வேடிக்கைக்காகப் பாதியை விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது.

2023 ஆகஸ்டில் மூன்று வாரம் அங்கே இருந்தேன். 118 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை, இவ்வளவுதான் தீவு. பிரான்சின் கரை கண்ணுக்கெட்டும் தூரம். தங்கை கணவர் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கர். ஒரு சனிக்கிழமை காலை அவர் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நேர்த்திக்கடனா?" என்றேன்.

"உஸ்... சத்தம் போடாதீங்க மச்சான். ஆறு நிமிஷம் ஆயிடுச்சு" என்றார்.

எதிரே ஒரு ஜாம் பாட்டில். மூடியில் ஓட்டை போட்டு, நம் அகல்விளக்குத் திரி மாதிரி ஒரு துணித்திரியை விட்டிருந்தார்கள். உள்ளே இனிப்பு வாசனையுள்ள ஏதோ திரவம் திரி வழியாக ஊறி மேலே வருகிறது. கதண்டு வந்து அதில் உட்கார்ந்து குடிக்கும். குடிக்கிற மும்முரத்தில் அதற்கு வேறு நினைவு இருப்பதில்லை. அந்த நேரத்தில் பெயிண்ட் பேனாவால் முதுகில் ஒரு புள்ளி. கதண்டு சிக்குவதுமில்லை, சாவதுமில்லை. வயிறு நிறைந்ததும் எழுந்து ஒரு வட்டமடித்து நேராகக் கூட்டுக்குப் பறக்கிறது. எந்தத் திக்கில் என்று திசைகாட்டியால் பார்த்துக் கொள்கிறார்கள். கூட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது, அதே புள்ளியோடு. போய் வர எத்தனை நிமிஷமோ, ஏறக்குறைய அத்தனை நூறு மீட்டர் தூரத்தில் கூடு. பிறகு வேறு இடத்தில் போய் உட்கார்ந்து இன்னொரு கதண்டுக்கு மஞ்சள் பொட்டு, மூன்றாவது இடத்தில் நீலப் பொட்டு. வரைபடத்தில் மூன்று கோடுகளும் எங்கே வெட்டிக் கொள்கின்றனவோ, அங்கே போய் மரங்களை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் மத்தியானம் காற்று மாறிவிட்டது. ஒரு கதண்டு நாற்பது நிமிஷம் வரவேயில்லை. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். சம்பளம் கிடையாது. இப்படித் தாமாக முன்வந்து தேடுகிறவர்கள் தீவு முழுக்க இருக்கிறார்களாம். தபால்காரர், தோட்டக்காரர், தேனீ வளர்ப்பவர், என் தங்கை கணவரைப் போல வந்து குடியேறியவர் என்று எல்லாத் தரத்தினரும். மறுநாள் மாலை ஒரு மரத்தின் உச்சியில், இலைகளுக்கு நடுவே, நல்ல பெரிய பூசணிக்காய் அளவுக்கு அதைக் கண்டோம். பத்துத் தடவை அந்த மரத்தடியில் நடந்து போயிருக்கிறேன். தலைக்கு மேலே அத்தனை பெரிய குடித்தனம் நடப்பது தெரியவில்லை.

பிறகு அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள், உடல் முழுதும் மூடிய உடையில், நீண்ட கழியோடு வந்து கூட்டுக்குள் மருந்து செலுத்தினார்கள். கூட்டைக் கீழே இறக்கி அறுத்துப் பார்த்தார்கள். அடுக்கடுக்காக அறைகள். சில அறைகளில் புழுக்கள் இன்னும் நெளிந்து கொண்டிருந்தன. என் தங்கை முகத்தைத் திருப்பிக் கொண்டாள். அந்த அம்மாள் திருப்பிக் கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, இளம் ராணிகள் வளர ஆரம்பித்து விட்டனவா என்று அறை அறையாகப் பார்த்தார். ஆரம்பிக்கவில்லை. "அப்பாடா" என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார்.

ராணிகளைப் பற்றி ஏன் அத்தனை கவலை என்றால், இந்தக் குளவியின் வருஷம் அப்படிப்பட்டது. வசந்தத்தில் ஒரே ஒரு ராணி குளிர்காலத் தூக்கத்திலிருந்து எழுந்து, ஏதாவது ஒரு கொட்டகையின் மூலையில் எலுமிச்சம்பழம் அளவில் தன்னந்தனியாகக் கூடு தொடங்குகிறாள். கோடையில் மரத்துச்சிக்குக் குடிபெயர்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அந்த ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் புது ராணிகள் புறப்படுகின்றன. மற்ற எல்லாம் குளிரில் செத்துவிடும். கருவுற்ற ராணிகள் மட்டும் பிழைக்கும். ஆகவே ஆகஸ்டில் ஒரு கூட்டைக் கண்டுபிடிப்பது வேறு, நவம்பரில் இலை உதிர்ந்த பிறகு, வெறும் மரத்தில் அது எல்லோர் கண்ணிலும் படுவது வேறு. நவம்பரில் பார்த்துப் பிரயோஜனமில்லை. கல்யாணத்துக்கு நேரம் பார்க்கிற நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

இந்தக் கதண்டு ஐரோப்பாவில் முதன்முதல் பிடிபட்டது 2004-இல், பிரான்சின் தென்மேற்கில். சீனாவிலிருந்து வந்த மண்பாண்டச் சரக்குக்குள் தூங்கிக் கொண்டே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், ஐரோப்பா முழுவதும் இன்று பரவியிருக்கும் அத்தனையும் ஒரே ஒரு ராணியின் சந்ததியாக இருக்கலாம் என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. பல ஆண்களோடு கூடிய ஒரே ஒருத்தி! நாவலில் எழுதினால் ஆசிரியர் நம்பத் தகாத சம்பவம் என்று அடித்துவிடுவார்.

இனி மதுரைப் பெரியவருக்கு.

ஐயா, வெள்ளைக்காரனைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் ஜெர்சியில் கூட்டின் வாசலில் செத்துக் கிடந்தது வெள்ளைக்காரன் அல்ல, தேனீ. இந்தக் கதண்டு தேன்பெட்டியின் வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நின்று கொண்டு, பூவிலிருந்து சுமையோடு திரும்பும் தேனீயை அப்படியே கவ்வுகிறது. தலையை வெட்டி, சிறகை வெட்டி, நடுவுடலை மட்டும் தன் புழுக்களுக்குக் கொண்டு போகிறது. பார்த்த மற்றத் தேனீக்கள் வெளியே வர அஞ்சி உள்ளேயே பட்டினி கிடக்கின்றன. ஆசியாவில் இதே கதண்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பொந்துத் தேனீக்கு ஒரு வித்தை தெரியும். நூற்றுக்கணக்கில் பாய்ந்து கதண்டைப் பந்து போல மூடிக் கொண்டு, உடம்பை அதிர வைத்து, உள்ளே சுமார் 45 டிகிரிக்குச் சூடேற்றி, புழுக்கத்திலேயே கொன்றுவிடும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரப் பல்லாயிரம் வருஷம் வேண்டும்; கதண்டு அவ்வளவு தவணை கொடுப்பதில்லை.

பழிக்குப் பழி என்று கணக்குப் போட்டாலும் கணக்கு நீங்கள் நினைக்கிறபடி வராது. 1945-இல் ஐரோப்பாவிலிருந்து விமான உதிரிப் பாகங்கள் அடைத்த பெட்டிகளோடு நியூசிலாந்தின் ஹாமில்டனில் போய் இறங்கியது ஜெர்மன் குளவி. பின்னால் அதன் உறவான இன்னொரு ஐரோப்பியக் குளவியும் போய்ச் சேர்ந்தது. தென்தீவின் வடபகுதியில் பீச் மரக் காடுகள் இருக்கின்றன. மரப்பட்டையில் வாழும் ஒரு சிறு பூச்சி சொட்டவிடும் தேன்பனிதான் அந்தக் காட்டுப் பறவைகளுக்கு ஆகாரம். குளவிகள் அதை நக்கித் தீர்த்துவிட்டன. சில பருவங்களில் அந்தக் காடுகளில் குளவிகளின் மொத்த எடை, அங்குள்ள பறவைகள், எலிகள், கீரியைப் போன்ற வேட்டைப் பிராணிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு மேல் போகிறதாம். ஆக அன்னியன் என்று வந்தவன் ஐரோப்பியனாகவும் இருக்கிறான், ஆசியனாகவும் இருக்கிறான். அங்கேயும் நெல்சன் வட்டாரத்து ஜனங்கள் நன்கொடை திரட்டி, தாமே காட்டுக்குள் நடந்து, மாமிச வாசனையுள்ள விஷ இரையை வைக்கிறார்கள். தேனீ மாமிசத்தை நாடாது, அதனால் தப்பிக்கிறது. இரையை வைக்குமுன், குளவிகள் அதைத் தேடி வரும் பருவம்தானா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இங்கேயும் எண்ணிக்கை!

பெயரைப் பற்றி மட்டும் நீங்கள் சொன்னதை ஒப்புக் கொள்கிறேன். மஞ்சள் கால் கதண்டு என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. காலின் நுனியெல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயரே போதும்.

கோயமுத்தூர்ச் சகோதரிக்கு என்ன சொல்ல? கொலை இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. நெளிந்த புழுக்களை நானும் பார்த்தேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒரு கூடு ஒரு பருவத்தில் சராசரியாகப் பதினொரு கிலோ பூச்சிகளைத் தின்கிறது என்று பிரான்சில் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் தேனீ மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மீதி ஈக்கள், உள்ளூர்க் குளவிகள், வண்டுகள். பதினொரு கிலோ ஈயும் தேனீயும் எத்தனை உயிர் என்று எண்ணிப் பாருங்கள். நாம் கையைக் கட்டிக் கொண்டு நின்றால் கொலை நடக்காமல் இருப்பதில்லை. நம் கண்ணில் படாமல் நடக்கிறது. கண்ணில் படாததைப் பாவக் கணக்கில் எழுதாத பழக்கம் நம்மிடம் உண்டு. சுத்த சைவக் குடும்பங்களில் எலிப் பாஷாணம் வைக்கிற வேலையை வேலைக்காரியிடம் விடுவார்களே, அதே மாதிரி. அந்த ஆசிரியை அம்மாள் தானே குனிந்து பார்த்தார் என்பதை நான் ரசித்துத்தான் எழுதினேன். இப்போதும் ரசிக்கிறேன்.

மூன்றாவது கடிதம்தான் எனக்கு உண்மையில் ஆத்திரத்தை மூட்டியது. ஏனென்றால், அந்த இளைஞர் சொல்வது நியாயம் போலவே ஒலிக்கிறது.

பாட்டில் தொங்கவிடும் யோசனை அவருடைய கண்டுபிடிப்பல்ல. பிரான்சில் வருஷா வருஷம் வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, பீரும் பழச்சாறும் ஊற்றி மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் பாட்டில் நிறைய உடல்கள். என்ன ஒரு திருப்தி! அந்த உடல்களைக் கொட்டிப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஈக்கள், விட்டில்கள், அந்த மண்ணுக்கே உரிய குளவிகள். நாம் தேடிய ராணி ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அந்த ஒன்றிரண்டினாலும் பெரிய லாபமில்லை. வசந்தத்தில் எழும் ராணிகள் நல்ல இடத்துக்காகத் தங்களுக்குள்ளேயே சண்டையிட்டு மடிகின்றன. ஒருத்தியின் கூட்டை இன்னொருத்தி பறித்துக் கொள்கிறாள். நாம் சிலவற்றைப் பிடித்தால் பிழைத்தவற்றுக்குப் போட்டி குறைகிறது, அவ்வளவுதான். பாரிஸ் இயற்கை விஞ்ஞானக் காட்சிசாலையைச் சேர்ந்தவர்களே இந்தக் கண்மூடித்தனமான பொறி வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

பாட்டில் தொங்கவிட்டவர் காரியம் செய்தாயிற்று என்று வீட்டுக்குள் போய்விடுகிறார். திரிக்கு எதிரே மண்டியிட்டவர் நாள் முழுக்க ஒரு பூச்சியைக்கூடக் கொல்லவில்லை. பார்ப்பவர்களுக்கு முதல்வர் வீரர், இரண்டாமவர் வேலையற்றவர். இந்த மனோபாவத்தின் மேல்தான் எனக்குக் கோபம். நம் ஊரில் பனைமரத்தில் கதண்டு கூடு கட்டினால் என்ன செய்கிறோம்? தீப்பந்தம். மரமும் கருகி, கொளுத்தப் போனவனும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் படுத்த கதை ஊருக்கொன்று உண்டு. அந்தக் கதண்டு நம் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது, பயிர்ப்பூச்சியைத் தின்பது. வழியில் போகிறவர்களைக் கொட்டுகிற இடத்தில் இருந்தால் அகற்றத்தான் வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்பலாம். ஆளில்லாத மேட்டில் இருப்பதையும் ஏன் கொளுத்த வேண்டும்? எது இங்கே உரியது, எது வந்தேறி, எது எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கிற பொறுமை இல்லாதவன் கையில் பாட்டிலும் ஒன்றுதான், பந்தமும் ஒன்றுதான்.

"இத்தனை நேரம் பார்த்து ஜெர்சிக்காரர்கள் ஜெயித்து விட்டார்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. 2016-இல் அந்தக் கதண்டு அங்கே வந்தது. 2020-இல் 38 கூடுகள் கண்டுபிடித்து அழித்தார்கள்; 2023-இல், நான் போயிருந்த வருஷம், 339. பிரான்சிலிருந்து கடலைத் தாண்டி வருஷந்தோறும் புது ராணிகள் வந்து கொண்டே இருக்கின்றன. மல்லோர்க்காத் தீவில் 2015-இல் கண்டுபிடித்து, விடாமல் தேடிச் சில வருஷங்களில் அடியோடு ஒழித்துவிட்டார்கள். அது கரையிலிருந்து தொலைவான தீவு. ஜெர்சிக்கு அந்த அதிருஷ்டம் இல்லை. இருந்தாலும், ஒருமுறை களை எடுத்ததோடு இனிமேல் களையே முளைக்காது என்று மண்வெட்டியைத் தூக்கிப் போட்ட விவசாயியை நான் பார்த்ததில்லை.

சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முடியாது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நம்மிடமும் ஒரு குளவி வந்தது. கொட்டாது, ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், கண்ணில் தூசி விழுந்தாற்போல இருக்கும். ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்கிறார்கள். கல்யாண முருங்கையின் இளந்தளிரில் முட்டையிடும். தளிர் வீங்கிச் சுருண்டு கொப்புளமாகிவிடும், இலை கொட்டும், மரம் மொட்டையாகிக் கடைசியில் படும். தென்னிந்தியாவில் 2005, 2006 வாக்கில் அது பரவியது. கேரளத்தில் மிளகுக் கொடி படரவிட்ட மரங்கள் போயின. 2005-இல் ஹவாய்த் தீவுகளுக்கும் அதே குளவி போயிற்று. அங்கே அதே இனத்து மரம் ஒன்று காட்டில் அழியத் தொடங்கியதும், ஆப்பிரிக்காவில் டான்சானியாவுக்கு ஆள் அனுப்பி, அந்தக் குளவியைத் தின்னும் இன்னொரு குளவியைத் தேடிப் பிடித்து, மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதா என்று சோதித்து, 2008-இல் காட்டில் விட்டார்கள். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் கிராமத்தில் வீட்டுக் கொல்லை வேலி முழுவதும் கல்யாண முருங்கை. பனிக்காலத்தில் சளி பிடித்தால் அந்த இலையை அரிசியோடு அரைத்து அத்தை அடை தட்டிப் போடுவாள். ஊரில் கல்யாணம் என்றால் பந்தலில் நட எங்கள் வேலியில்தான் வந்து கிளை வெட்டுவார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, எழுதத் துணிந்து சென்னைக்கு வந்த நான், 2008-இல் வெளியான என் முதல் நாவலில் அந்த வேலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். முள்ளும், தீப்பிழம்பு மாதிரிப் பூவும், பூவுக்கு வரும் மைனாக்களும். நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது ஊருக்குப் போனால் வேலியில் முள்கம்பி இருக்கிறது. மரம் ஒன்றுகூட இல்லை. எப்போது போயிற்று? இந்தக் கடிதங்களையெல்லாம் படித்த பிறகு அது எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. நான் அந்த இரண்டு பக்கங்களை எழுதும்போது வேலி உயிரோடு இருந்ததா, அல்லது இலையெல்லாம் கொப்புளித்துச் செத்துக் கொண்டிருந்ததா? இடையில் எத்தனை தடவை ஊருக்குப் போய் வந்திருக்கிறேன்! விஞ்ஞானிகள் தங்கள் ஏடுகளில் குறித்து வைத்தார்கள். ஊரில் யாரும் குறிக்கவில்லை. ஊர்க்கதை எழுதிப் பெயர் வாங்கிய நானும் குறிக்கவில்லை.

போன மாதம் போயிருந்தபோது அத்தையிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து யோசித்தாள்.

"இலையெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆச்சுப்பா. மருந்தடிக்கலாமான்னு கேட்டதுக்கு, முருங்கைக்கு யாராவது மருந்தடிப்பாங்களான்னு சிரிச்சாங்க. அப்புறம் வெட்டி அடுப்புல வெச்சோம்."

"எந்த வருஷம் அத்தை?"

"உங்கப்பா போறதுக்கு முந்தியா, பிந்தியா..." என்று விரலை மடக்கினாள். மடக்கிய விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். "யாருப்பா அதையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தா?" என்றாள்.